மேலுதட்டில் ஒரு கோடு

அலுவலகத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் அவர் நகல் சார். ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் கீழ்த்தளத்தில், ஜன்னலே இல்லாத ஆவண அறையில், சேர்ந்த நாள் முதல் ஓய்வு பெற்ற நாள் வரை அவர் செய்தது ஒரே வேலைதான். மாடியிலிருந்து தள்ளுவண்டியில் இறங்கும் பழைய காகிதங்களைப் படம் பிடித்து ஏற்ற வேண்டும். ஆரம்பத்தில் ஃபிலிமில் ஏற்றினார், பிறகு ஸ்கேனர் வைத்துக் கணினியில் ஏற்றினார். ஏறியது சரியா என்று பார்க்க வேண்டும். சரியாக இருந்தால் அசலை வெட்டும் இயந்திரத்தில் கொடுத்து நார் நாராக்கிவிட வேண்டும்.

இந்த மூன்றாவது காரியம் எல்லோருக்கும் கைவராது. கையெழுத்துப் போட்ட காகிதமாயிற்றே, இருந்துவிட்டுப் போகட்டுமே என்று சிலர் ஓரமாக எடுத்து வைப்பார்கள். நகல் சாரிடம் அந்தப் பருப்பு வேகாது. "அசலும் இருந்து நகலும் இருந்தா நாளைக்கு எது சரின்னு சண்டை வரும் சார். ஒண்ணுதான் இருக்கணும். ஒண்ணு இருந்தா ஒரே பேச்சு" என்பார். மேலதிகாரிகளுக்கு அவர்மேல் கொள்ளைப் பிரியம்.

பார்ப்பது என்றால் படிப்பது என்று அர்த்தமில்லை. பக்கம் விட்டுப்போயிருக்கிறதா, ஓரம் வெட்டுப்பட்டிருக்கிறதா, எழுத்து மங்கியிருக்கிறதா, அவ்வளவுதான். உள்ளே யார் செத்தது, யாருக்குக் கால் போனது என்று படிக்க உட்கார்ந்தால் ஒரு நாளைக்கு ஒரு கட்டுகூட நகராது. ராத்திரி தூக்கமும் வராது. ஆகவே பார்க்காமலே பார்க்க அவர் பழகிக்கொண்டார். அதைக் கெட்டிக்காரத்தனம் என்று அவரும் நினைத்தார், மற்றவர்களும் நினைத்தார்கள். கடைசியில் அவர் குடியைக் கெடுத்தது அதுதான்.

ஓய்வு பெற்ற அன்று சக ஊழியர்கள் வண்ணத்தாள் சுற்றி ஒரு பெட்டி கொடுத்தார்கள். பிரித்தால் உள்ளே ஒரு குட்டிக் காகிதம் வெட்டும் இயந்திரம். "வீட்ல கை அரிச்சா எதையாவது வெட்டுங்க சார்" என்றார் கணக்குப் பிரிவு அம்மாள். அறையே சிரித்தது. எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவர் நகல் சார்தான். பேருந்தில் அதை மடியில் வைத்துக்கொண்டு, தூங்கும் குழந்தையைக் கொண்டுபோவதுபோல வீட்டுக்குக் கொண்டுபோனார்.

வீடு என்பது அடுக்குமாடிக் கட்டடத்தின் மூன்றாம் தளத்தில் இரண்டு அறை. அவரும் மனைவியும் மட்டும். மகன் வேறொரு நாட்டில் வேலை பார்க்கிறான். கல்யாணமாகிவிட்டது, கைக்குழந்தை இருக்கிறது. அவனுக்குப் பின்னால் பிறந்தவள் ஒருத்தி உண்டு. வீட்டில் அவளைச் சின்னவள் என்பார்கள்.

சின்னவள் பிறக்கும்போதே மேலுதடு பிளந்து பிறந்தாள். பால் குடிக்க முடியாமல் அழுத பிள்ளையை வைத்துக்கொண்டு தாய் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. தவழ்கிற வயதுக்கு முன்பே மருத்துவர் தைத்துச் சேர்த்துவிட்டார். நல்ல தையல்தான். ஆனாலும் மூக்குக்குக் கீழே இருந்து உதடு வரைக்கும் ஒரு பக்கமாக ஒரு கோடு நின்றுவிட்டது. அவள் சிரித்தால் அந்தப் பக்கத்து உதடு முந்திக்கொண்டு மேலே ஏறும். வருகிறவர்கள் யாராவது "பொண்ணாப் போச்சே, பாவம்" என்று உச்சுக்கொட்டினால் அம்மா வாயைத் திறப்பதற்குள் அவளே முந்திக்கொள்வாள். "எனக்கு இங்க ஜிப் வெச்சிருக்காங்க அத்தை. ரொம்பப் பேசினா இழுத்து மூடிக்குவேன்."

பள்ளிக்கூடத்துக்குப் படம் வேண்டும் என்று ஒரு முறை ஸ்டூடியோவுக்கு அழைத்துப் போனார்கள். படம் எடுத்தவர் தன்னால் முடிந்த நல்லது செய்யலாமே என்று அந்தக் கோட்டைத் தூரிகையால் மறைத்துக் கொடுத்தார். "பாருங்கம்மா, கோடு இருந்த இடமே தெரியல" என்று பெருமை வேறு. நகல் சாரின் மனைவி படத்தைப் பார்த்தாள். திரும்ப மேசைமேலேயே வைத்தாள்.

"இது வேற யார் வீட்டுப் பொண்ணோ. எங்க பொண்ணு படம் எங்க?"

படம் எடுத்தவர் சிரித்துச் சமாளிக்கப் பார்த்தார். அவள் மசியவில்லை. மகளை மறுபடி உட்கார வைத்து, மறுபடி எடுக்கச் சொல்லி, கோட்டோடு வாங்கிக்கொண்ட பிறகுதான் கடையைவிட்டு இறங்கினாள். நகல் சார் வாசலில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு படத்துக்கு இத்தனை கூத்தா என்று இருந்தது அவருக்கு.

பள்ளிப் படிப்பு முடிந்த வருடம் சின்னவளுக்குக் காய்ச்சல் வந்தது. ஊரெல்லாம் வருகிற காய்ச்சல்தான் என்றார்கள். ஒரே வாரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. அதற்குமேல் அதைப்பற்றிச் சொல்ல இந்த வாய்க்குத் தெம்பில்லை.

அவள் படத்தைச் சுவரில் மாட்ட மனைவி சம்மதிக்கவில்லை. "மாட்டினா முடிஞ்சுபோச்சுன்னு ஆயிடும்" என்றாள். ஆல்பங்களையெல்லாம் படுக்கையறை அலமாரியின் அடித்தட்டில் அடுக்கி, மேலே போர்வையைப் போட்டு மூடினாள். அதற்குப் பிறகு அவளும் திறக்கவில்லை, அவரும் திறக்கவில்லை. எல்லார் கையிலும் கேமரா போன் வராத காலம் அது. சின்னவளின் முகம் இந்த உலகத்தில் எங்கேயாவது இருந்தது என்றால் அந்த ஆல்பங்களுக்குள்தான் இருந்தது.

அவர் ஓய்வு பெற்ற பிறகு வந்த மழைக்காலத்தில், மாடி வீட்டுக் குளியலறைக் குழாய் கசிந்து படுக்கையறைச் சுவர் ஊறியது. அலமாரியைத் திறந்தால் குப்பென்று ஒரு நாற்றம். ஆல்பங்களில் ஈரம் ஏறி, படங்களின் மேல் புள்ளி புள்ளியாகப் பூசணம் பூத்திருந்தது. நெகட்டிவ் சுருள்களெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கட்டியாகிக் கிடந்தன. மனைவி ஓர் ஆல்பத்தைத் திறக்காமலே நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அவளப் பூசணம் தின்னுதுங்க" என்றாள்.

"நீ அழாத. எல்லாத்தையும் கணினில ஏத்திடறேன். அப்புறம் தண்ணியும் தொடாது, பூச்சியும் தொடாது. இது என்னோட வேலை, எனக்குத் தெரியாதா?"

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஏத்தி முடிச்சுட்டுச் சொல்லுங்க. ஒரு தடவ உக்காந்து அவ மூஞ்சியப் பாக்கணும். இத்தன வருஷம் பயந்துகிட்டே பாக்காம இருந்துட்டேன். இப்ப பாக்கலாம்னு தோணுது."

ஓய்வு பெற்ற மனிதருக்கு இதைவிடப் பெரிய உத்தரவு வேறென்ன வேண்டும். மகன் அங்கிருந்தபடியே ஒரு ஸ்கேனர் வாங்கி அனுப்பிவைத்தான். உணவு மேசையில் பழைய விரிப்பை விரித்து, ஸ்கேனரையும் மடிக்கணினியையும் வைத்து, கண்ணாடியைத் துடைக்க மெல்லிய துணி, படங்களைப் பெயர்க்க நூல், கைக்கு வெள்ளை உறை என்று நகல் சார் ஒரு குட்டி ஆவண அறையையே எழுப்பிவிட்டார். முதலில் தங்கள் கல்யாணப் படத்தை வைத்துப் பார்த்தார். திரையில் ஒரு கேள்வி வந்தது: பழைய படத்தைச் சீராக்கவா? கறை, கீறல், மங்கல் எல்லாம் நீங்கும் என்று போட்டிருந்தது. சரி என்று அழுத்தினார். பூசணப் புள்ளிகள் இருந்த இடம் தெரியாமல் போயின. நாற்பது வயது குறைந்தவர்போல நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

இன்னொரு கேள்வியும் வந்தது. சீராக்காத பிரதியையும் சேர்த்துச் சேமிக்கவா?

வேறு எவனாக இருந்தாலும், எதற்கும் இருக்கட்டுமே என்று சரி போட்டிருப்பான். ஒன்றும் தெரியாத ஆள்கூட அப்படித்தான் செய்திருப்பான். எல்லாம் தெரிந்த இந்த மனிதர் வேண்டாம் என்று அழுத்தினார். இரண்டு இருந்தால் சண்டை வருமாம். எல்லாப் படங்களுக்கும் இப்படியே செய்யவா என்று கேட்டபோது, அதற்கும் ஆமாம் போட்டார்.

பிறகு வேலை ஓடியது. படங்களின் முதுகில் மனைவி அந்தக் காலத்திலேயே பேனாவால் குறித்து வைத்திருந்தாள்: சின்னவள், முதல் நடை. சின்னவள், அண்ணன் சைக்கிளில். அந்த வரியையே கோப்புக்குப் பெயராக அடித்தார். ஸ்கேனர் கண்ணாடியில் படத்தைக் குப்புறத்தானே வைக்க வேண்டும்? அது அவருக்கு வசதியாகப் போயிற்று. முதுகைப் பார்த்து எடுத்து, முதுகைப் பார்த்தே வைத்தார். மற்றவர்கள் படம் என்றால் நின்று பார்ப்பார், தனக்குத் தானே சிரித்துக்கொள்வார். முதுகில் சின்னவள் என்று இருந்தால் மட்டும் விரல்கள் அவசரப்படும். திரையில் படம் எழும்பும்போது கண்ணை நாலு மூலைகளுக்கு அனுப்பிவிடுவார். மூலை வெட்டுப்பட்டிருக்கிறதா? இல்லை. கோணலா? இல்லை. சரி, அடுத்தது. மகளைப் பார்த்தால் அன்றைக்கு எழுந்து நடமாட முடியாது என்று அவருக்குப் பயம். அது பொய்யில்லை, பாவம்.

ஏற்றினார், பார்த்தார். மிச்சம் இருந்தது ஒன்றுதான்.

பூசணம் பிடித்ததை வீட்டில் வைத்திருக்காதீர்கள், குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரப்போகிறோம், ஒத்துக்கொள்ளாது என்று மருமகளும் சொல்லியிருந்தாள். குப்பையில் அப்படியே போட அவருக்கு மனம் வரவில்லை. நம் வீட்டு முகங்கள் காய்கறித் தோலோடு கிடந்து யார் காலிலாவது மிதிபடலாமா? அதனால் அலுவலகத்தார் கொடுத்த குட்டி இயந்திரத்தை வெளியே எடுத்தார். ஒவ்வொரு படமாகக் குப்புறப் பிடித்துக் கொடுத்தார். மரியாதையோடுதான் செய்தார். ஒரு காகித உறையில் இருந்த சின்னவளின் பள்ளி அடையாள அட்டையையும் ஏற்றி, பார்த்து, வெட்டினார். அடுத்த அறையில் மனைவி அந்தக் கரகரப்பைக் கேட்டுக்கொண்டே துணி மடித்தாள். ஸ்கேனர் சத்தம் என்று நினைத்துக்கொண்டாள். மூன்று பை நிறைந்தது. குப்பை வண்டி வந்த காலைகளில் அவரே கீழே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

ஒரு மத்தியானம், எல்லாம் முடிந்தது என்று சொன்னார். மனைவி முகம் கழுவி, நல்ல துணி உடுத்தி, யார் வீட்டுக்கோ விருந்துக்குப் போகிறவள்போல டிவி முன்னால் வந்து உட்கார்ந்தாள். அவர் ரிமோட்டை எடுத்துக்கொண்டார்.

முதலில் கல்யாணம். பிறகு அவள் பிறந்த வீட்டார். அவளுடைய அண்ணன் படம் வந்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்னங்க இது, எங்கண்ணன் மூஞ்சில அம்மைத் தழும்பையே காணோம்? இப்படி இருந்திருந்தா அவனுக்கு அந்த அண்ணியா கெடச்சிருப்பா?"

"எல்லாத்தையும் சுத்தம் பண்ணிடுச்சு பாத்தியா" என்றார் அவர், தானே சோப்புப் போட்டுத் தேய்த்ததுபோல.

அடுத்த படம் வந்தது. ஓரத்தில் அவர் அடித்த பெயர் தெரிந்தது. சின்னவள், அண்ணன் சைக்கிளில்.

அவர் திரும்பி மனைவியைத்தான் பார்த்தார். அவள் முகத்தில் சந்தோஷம் வரும், அழுகை வரும் என்று எதிர்பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டும் வரவில்லை. அவள் எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போனாள். படத்தின் மேலுதட்டில் விரலை வைத்தாள்.

"இது யாரு?"

"நல்லாப் பாரு. நம்ம சின்னவதான்."

"நீங்க பாருங்க."

அப்போதுதான் அவர் பார்த்தார். சைக்கிள் அவர்கள் வீட்டுச் சைக்கிள். சட்டை அவர் வாங்கிக் கொடுத்த சட்டை. மூக்குக்குக் கீழே உரித்த முட்டைபோல வழவழவென்று இருந்தது. கோடு இல்லை. உதடு இரண்டு பக்கமும் ஒரே அளவாக ஏறியிருந்தது. அடுத்த படத்தைப் போட்டார், அதற்கடுத்ததைப் போட்டார். எல்லாவற்றையும் ஓட்டினார். நல்ல லட்சணமான பெண் ஒருத்தி அந்த வீட்டில் பிறந்து, நடை பழகி, பள்ளிக்கூடம் போய், வளர்ந்திருந்தாள். சின்னவள் எங்கேயும் இல்லை.

மனைவி கோபப்படவில்லை. குழந்தைக்குச் சமாதானம் சொல்கிற மாதிரி சொன்னாள்: "சரி விடுங்க, மெஷினுக்கு என்ன தெரியும். அது தழும்புன்னு நெனச்சு அழிச்சிருக்கும். பழைய படத்த எடுத்துட்டு வாங்க, நான் அதையே பாத்துக்கறேன். பூசணம் இருந்தா இருந்துட்டுப் போவுது."

அவர் ரிமோட்டை மேசைமேல் வைத்தார்.

"எங்க வெச்சிருக்கீங்க? பரண் மேலயா?"

அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கண் மட்டும் அறையின் மூலைக்குப் போயிற்று. அவளும் அங்கே பார்த்தாள். குட்டி இயந்திரம் தூசி படியாமல் துணி போட்டு மூடியிருந்தது.

"அப்ப அந்தச் சத்தம்," என்றாள், "அது ஸ்கேனர் சத்தம் இல்லையா?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். அடித்திருந்தால்கூடத் தேவலை என்றிருக்கும். அவள் டிவியை அணைத்துவிட்டு உள்ளே போய், கட்டியிருந்த நல்ல துணியை மாற்றிக்கொண்டு, அடுப்படியில் பாத்திரம் துலக்கத் தொடங்கினாள்.

அவர் இயந்திரத்தின் அடித்தட்டை உருவிச் செய்தித்தாளில் கொட்டினார். கடைசியாக வெட்டிய சில படங்களின் துண்டுகள் கிடந்தன. தரையில் மண்டியிட்டு ஒவ்வொன்றாகப் புரட்டினார். ஆகாயம், துணி, சுவர், யாருடையதோ காது. வாய் என்று ஒன்று அகப்படவில்லை. குப்பை வண்டிக்காரரைத் தேடிக் கீழே போனார். அவர் இவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "போன மாசக் குப்பைய இப்ப வந்து கேட்டா நான் எங்க சார் போவேன்" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. தைத்த மருத்துவமனையில் கோப்பு இருக்குமா என்று ஒரு கணம் நினைத்தார். அத்தனை வருடத்துக் காகிதத்தை ஆவண அறைகள் என்ன செய்யும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. போகவே இல்லை.

சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டார். மனைவியின் தங்கை, தன் வீட்டு விசேஷத்தில் எடுத்த ஒரு கூட்டப் படம் இருக்கிறது, அதில் சின்னவள் கட்டாயம் இருக்கிறாள் என்றாள். போனிலேயே அனுப்பினாள். அது வந்து சேர்கிற வரைக்கும் புருஷனும் பெண்டாட்டியும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே நாற்காலியின் இரண்டு பக்கமும் நின்றார்கள். படம் திறந்தது. கடைசி வரிசையில் சின்னவள் இருந்தாள். கேமராவுக்கு முகத்தைக் காட்டாமல் பக்கத்திலிருந்தவளிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். பின்தலையும் ஒரு சடையும் தெரிந்தன. மனைவி அந்தச் சடையை விரலால் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

இதையெல்லாம் கேட்ட மகன், வார விடுமுறையில் கூப்பிட்டான். போனை மேசைமேல் வைத்து மூவரும் பேசினார்கள்.

"அப்பா, கவலைப்படாதீங்க. படத்தத் திருத்திக் குடுக்கறவர் ஒருத்தர்கிட்ட பேசிட்டேன். கோட்ட மறுபடி வரைஞ்சிடலாம்கறார். எப்படி இருந்துச்சுன்னு மட்டும் சொல்லணும். எந்தப் பக்கம்பா?"

"இடது பக்கம்" என்றார் அவர்.

"வலது" என்றாள் மனைவி.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"உனக்கு ஞாபகம் இல்லையாடா?" என்று அவர் போனிடம் கேட்டார்.

"எனக்கு நெனவு தெரிஞ்ச நாள்லேர்ந்து அவ மூஞ்சி அப்படித்தான்பா. கோடுன்னு தனியா நான் பாத்ததே இல்ல." பிறகு பேசுகிறேன் என்று வைத்துவிட்டான்.

மனைவி எழுந்து அவர் எதிரே வந்து நின்றாள். "உங்களுக்கு என்ன தெரியும், நீங்க எந்நேரமும் ஆபீஸ்ல இருந்தவர். மூஞ்சி கழுவிவிட்டது நான். மருந்து போட்டது நான். இங்க பாருங்க, நாந்தான் அவ. உங்கள பாத்து நிக்கறேன். இங்க." மூக்குக்குக் கீழே, தன் வலது பக்கத்தில் விரலை வைத்தாள். அழுத்தமாகத்தான் வைத்தாள்.

"அது எனக்கு இடது" என்றார் அவர். சண்டை போடச் சொல்லவில்லை. சொல்லாமலும் இருக்க முடியவில்லை.

அவள் விரலை எடுக்காமலே நிலைக்கண்ணாடி முன்னால் போனாள். அந்தக் கண்ணாடி முன்னால்தான் மகளை உட்கார வைத்து, பின்னால் நின்று தலை வாரிவிடுவாள். வாரிக்கொண்டே கண்ணாடியில் அந்த உதட்டைப் பார்த்துப் பேசிக்கொண்டிருப்பாள். இப்போது கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தாள். விரலை மறுபக்கம் மாற்றினாள். திரும்பவும் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தாள். எதிரே நின்று முகம் கழுவிவிட்டபோது ஒரு பக்கம் இருந்திருக்கும், கண்ணாடியில் பார்த்தபோது மறுபக்கம் இருந்திருக்கும். இரண்டுமே அவள் கண்ணுக்குள் இருந்தன. எது எதில் என்பதுதான் கலைந்துவிட்டது. விரல் உதட்டுக்கு மேலே இங்கும் அங்கும் அலைந்தது.

நகல் சார் பின்னால் போய் நின்றார். தோளைத் தொடத் தைரியம் வரவில்லை.

"படம் போனா போவுதுன்னு மனசத் தேத்திக்கிட்டு இருந்தேங்க" என்றாள் அவள் கண்ணாடியிடம். "கண்ண மூடினா அவ வருவா. நேத்து வரைக்கும் வந்தா. எந்தப் பக்கம்னு எனக்குச் சந்தேகமே வந்ததில்ல."

விரலை உதட்டிலிருந்து எடுத்தாள்.

"இப்ப கண்ண மூடினா," என்றாள், "டிவில வந்தாளே, அந்தப் பொண்ணுதாங்க வரா."